சின்ன துரையின் மோட்டார் சைக்கிளை நான் எடுத்த நாள்

தோட்ட மருத்துவமனைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் பெருவாங்கில் என் வீட்டு வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போகிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தொப்பி. வேலை நாளில் அதே ஆட்கள் காரில் போகிறீர்கள். சாயங்காலம் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்தி மணிக்கணக்காகத் துடைக்கிறீர்கள். ஒரு ஆளுக்கு எத்தனை வண்டிதான் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். எனக்கும் அதே கிறுக்கு இருந்தது.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு என்ன, பாம்புக் கடிக்கு என்ன என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் நான் வாயைத் திறந்தால் நீங்கள்தான் என்னைத் திருத்த வேண்டியிருக்கும். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். தப்பு ஒன்றா இரண்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் ஆரம்பித்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு என்னை டிரஸ்ஸராகப் போட்டார்கள். இன்று உங்களுக்கு நீளமான பதவிப் பெயர் இருக்கிறது. அன்று மருந்து கொடுப்பவன், கட்டுப் போடுபவன், ஊசி குத்துபவன் எல்லாம் டிரஸ்ஸர்தான். எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.

அந்த வேலையில் எவ்வளவு தனிமை என்பதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். தொழிலாளிகள் குடியிருந்த லயத்து ஜனங்களுக்கு நான் 'ஐயா'. ஐயா என்று கூப்பிட்ட வாய் ஐயாவோடு உட்கார்ந்து சாப்பிடாது. கணக்கெழுதும் கிராணிமாருக்கு நான் அலுவலகத்து ஆள் இல்லை. கையில் டிஞ்சர் வாசம் அடிக்கிறது என்று அவர்கள் சீட்டாடும்போது என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஆறு மணிக்குக் கம்பி வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் சுவரைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். நான் பேசியும் இருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

பேச எனக்குக் கிடைத்த ஒரே மனிதர் மருதப்பன். தோட்ட மேனேஜரான பெரிய துரையின் கார் டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாளெல்லாம் தோட்டத்தின் மிக உயர்ந்த வண்டியை ஓட்டுகிறவர், வேலைக்கு வருவதும் போவதும் சைக்கிளில். அவர் வீடு கீழ் டிவிஷன் லயத்தில் இருந்தது. அங்கிருந்து பங்களாவுக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை. இரண்டு இடத்தில் கால்வாயின் மேல் ஒற்றை மரப் பாலம். நாலு சக்கரம் எதுவும் போகாது, மோட்டார் சைக்கிளும் போகாது. சைக்கிளில் இருபத்தைந்து நிமிஷம். கீழ் டிவிஷனில் வாரம் மூன்று நாள் மருந்து கொடுக்க நானும் அதே பாதையில்தான் போவேன். ஒரு நாள் பாதி வழியில் என் சங்கிலி கழன்றபோது அவர் இறங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "பெரிய துரையோட புதுக் காடி சத்தத்தக் கேட்டீங்களா, டிரஸ்ஸர்? ஒரு மாதிரி இருமுதுல்ல?" என்றார். அந்த இருமலை நானும் கவனித்திருந்தேன். அங்கே ஆரம்பித்தது எங்கள் பழக்கம்.

ஞாயிறு தோறும் இருவரும் கிளேபாங் கடற்கரை வரை சைக்கிள் மிதிப்போம். வழியில் அடையாள அட்டையைக் காட்டு, பம்பைக் கழற்றிக் காட்டு என்று போலீசும் ராணுவமும் நிறுத்துவார்கள். சைக்கிள் பம்புக்குள் அரிசி அடைத்துக் காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அந்தக் காலத்தில் சந்தேகம். காட்டிவிட்டுப் போவோம். கடற்கரைச் சாலையில் பீசாங் கோரெங், அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, பொரித்து விற்கிற மக்சிக் ஒருவர் இருந்தார், வயதான மலாய்க்கார அம்மா. அங்கே உட்கார்ந்து போகிற வருகிற கார்களைப் பார்ப்போம். பெரிய தவுக்கேமார், சீன முதலாளிகள், கடல் காற்று வாங்க வருவார்கள். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தத்தை வைத்தே என்ன கார் என்று சொல்ல வேண்டும். தோற்றவர் மிதிக்கும்போது எதிர்க்காற்றில் முன்னால் போக வேண்டும். பெரும்பாலும் நான்தான் முன்னால் போனேன். அந்த ஞாயிறுகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன்.

உதவி மேனேஜரான சின்ன துரையிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சி.சி. உதைத்தால் தரை அதிரும். அவர் ஆறு மாத விடுப்பில் சீமைக்குப் போனபோது என்னைக் கூப்பிட்டு, வாரம் ஒரு தடவை உதைத்து ஐந்து நிமிஷம் ஓட விடு, ஆனால் கொட்டகையை விட்டு வெளியே எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் நான் உதைப்பேன். மருதப்பண்ணனும் வந்து நிற்பார். இருவரும் பேசாமல் நின்று கேட்போம். ஒவ்வொரு வியாழனும் அதை வெளியே எடுக்க என் கை அரிக்கும். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்லா டிரஸ்ஸர், துரை மைல் குறிச்சு வச்சிருப்பான்" என்று சிரிப்பார்.

இனி அந்த நாள். காலை ஒன்பதரை மணி. மருதப்பண்ணன் பெரிய துரையை ஏற்றிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போயிருந்தார். ரப்பர் பால் லாரியும் கிளம்பிப் போய்விட்டது. நான் மருந்தகத்தில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழ் டிவிஷன் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். வேர்த்துக் கொட்டுகிறது.

"ஐயா, மருதப்பன் பொஞ்சாதி பாக்கியத்துக்குப் புள்ள பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. நஞ்சுக்கொடி விழல. ரத்தம் நிக்கவே இல்லன்னு மருத்துவச்சி அழுவுறா."

பாக்கியத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அடுத்த வாரம் வந்து மருந்தகத்தில் படுத்துக்கொள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அலுவலகத்துக்கு ஓடி, பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போடச் சொன்னேன். பாதுகாப்பு வண்டி கூட வந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும், நேரமாகும் என்றார் தலைமைக் கிராணி. அதுவரை ரத்தத்தை நிறுத்த என்னிடம் ஊசிமருந்து இருந்தது. அது போய்ச் சேர்ந்தால் பாதி ஆபத்தைத் தாண்டியது மாதிரி. போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சைக்கிள் வாசலிலேயே நிற்கிறது. மண்டோர் தன் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, "கூடவே வாங்கய்யா, பாதையில ஒன்னும் இல்ல, பால் மரம் வெட்டுறவங்க எல்லாம் அங்கதான் நிக்கிறாங்க" என்றார்.

அப்போது என் கண் கொட்டகைப் பக்கம் போனது.

நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். பாக்கியம் என்று நினைத்தேன். ரத்தம் என்று நினைத்தேன். வேகம் என்று நினைத்தேன். வேகம் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்தேன். நினைத்த உடனே எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம். ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு அந்த வண்டியை எடுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பெரிய சாலை சுற்று வழி, ஏழெட்டு மைல். வண்டியில் போனால் பதினைந்து நிமிஷம் என்று மனக்கணக்குப் போட்டேன். நடுவில் யாராவது நிறுத்துவார்களே என்கிற கணக்கைப் போடவில்லை. ஞாயிறு தோறும் அந்தச் சாலையில் நின்று நின்று போனவனுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் தெரிந்துகொள்ள மனசில்லை.

"நீ சைக்கிள்ல போ. நான் மோட்டார்ல வந்துடுறேன். உனக்கு முன்னால அங்க இருப்பேன்" என்று மண்டோரிடம் சொன்னேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். தலையாட்டிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வண்டி ஒரே உதையில் கிளம்பியது. தோட்டக் கதவைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியதும் திருகினேன். இரண்டு பக்கமும் மரங்கள் ஒன்றாகிப் போயின. மூன்று மைல், நாலு மைல். அவ்வளவு தூரமும் எனக்குப் பாக்கியத்தின் நினைவே இல்லை. இதை இதுவரை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

வளைவில் மணல் மூட்டை அடுக்கி ரோட் பிளாக். ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட், மூன்று நாலு சிப்பாய்கள், ஒரு மலாய்ப் போலீஸ்காரர். வண்டி யாருடையது என்றார்கள். துரையுடையது என்றேன். துரை எங்கே என்றார்கள். சீமையில் என்றேன். பெட்டியைத் திறந்தார்கள். ஊசி, மருந்துப் புட்டிகள். உணவும் மருந்தும் காட்டுக்குள் போகக் கூடாது என்று கெடுபிடியாக இருந்த காலம். தோட்டத்துக்கு வெளியே மருந்து கொண்டுபோக எனக்குக் கையெழுத்துப் போட்ட அனுமதித் தாள் உண்டு. "சூராட் மானா?" என்று அந்தத் தாளைக் கேட்டார் போலீஸ்காரர். சட்டைப் பையைத் தடவினேன். அது என் சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல் பையில் இருந்தது. எப்போதும் அங்கேதான் வைப்பேன், எங்கே போனாலும் சைக்கிளில்தானே போவேன்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரு பெண் செத்துப்போவாள் என்று எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் சொன்னேன். போலீஸ்காரர் இரக்கப்பட்டார், அவர் கையில் ஒன்றும் இல்லை. நான் அந்த சார்ஜன்டைக் குறை சொல்ல மாட்டேன். துரையின் வண்டியில், தாள் இல்லாமல், பெட்டி நிறைய ஊசி மருந்தோடு வருகிற ஒரு தமிழனை அவர் எதை நம்பி விடுவார்? வெயிலில் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வேறொரு ராணுவ லாரி வந்தது. அதில் ஏற்றி என்னைத் தோட்ட அலுவலகத்துக்கே கொண்டுபோய்த் தலைமைக் கிராணியிடம் விசாரித்து, ஆமாம், இவர் எங்கள் டிரஸ்ஸர்தான் என்று அவர் சொன்ன பிறகு விட்டார்கள். அப்போது மணி பன்னிரண்டரை.

என் சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. அதில் ஏறி மண்பாதையில் மிதித்தேன். பாதையில் ஒரு தடங்கலும் இல்லை. பால் எடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இருபது நிமிஷத்தில் போய்விட்டேன்.

பாக்கியம் இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் அப்போதும் வந்து சேரவில்லை. லயத்துப் பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைப் பாக்கியத்தின் தங்கை மடியில் வைத்திருந்தாள். மண்டோர் வாசலில் நின்றார். நான் உள்ளே போகும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மருதப்பண்ணன் வந்தார். அழுது முடித்து வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கிராணி சொன்னாரு. எனக்காக வேலய நெனைக்காம துரையோட மோட்டாரையே எடுத்தீங்களாம். அவனுங்க புடிச்சு வச்சிட்டானுங்களாம். நீங்க என்னா செய்வீங்க டிரஸ்ஸர்" என்றார்.

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குள் எல்லோரும் எனக்கு ஒரு நியாயம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மண்பாதை ஆபத்து, காட்டுக்காரர்கள் திரிகிற இடம், டிரஸ்ஸர் பத்திரமான வழியில் போயிருக்கிறார், ராணுவம்தான் கெடுத்துவிட்டது. நான் அந்த நியாயத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அளவாகவும் இருந்தது. வண்டியை எடுத்ததற்காகப் பெரிய துரை என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். மறுநாள் காலை மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மருதப்பண்ணன் அவரிடம் நின்று எனக்காகப் பேசினார். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, என் அறை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. "போலாமா, டிரஸ்ஸர்?" என்று நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை. போனோம். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் கார்ச் சத்தத்தை வைத்து விளையாடுவது நின்றுபோனது. பீசாங் கோரெங்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் திடீரென்று, "அன்னிக்கு எந்த எடத்துல நிறுத்துனானுங்க?" என்று கேட்பார். சொல்வேன். இன்னொரு நாள், "மண்டோர் வந்தப்ப மணி என்னா இருக்கும்?" என்பார். அதையும் சொல்வேன். மனைவி போன துக்கம், திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்தேன். சொல்லச் சொல்ல என் கதை நன்றாக வந்தது. சார்ஜன்டின் முரட்டுத்தனம் வாரா வாரம் கூடியது. எனக்கு இருந்த ஒரே சிநேகிதரோடு உட்கார்ந்துகொண்டே நான் சுவரோடு பேசிய நாட்களைவிடத் தனியாக இருந்தேன்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. குழந்தை சித்தி வீட்டில் வளர்ந்து ஓடியாட ஆரம்பித்தது. மலாக்கா மாவட்டங்களில் கெடுபிடி தளர்ந்துகொண்டு வந்தது. ஒரு நாள் மத்தியானம் மருந்தகத்துக்கு வெளியே மோட்டார் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மருதப்பண்ணன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, டவுனில் ஒரு சீனர் பட்டறையில் வாங்கியது. டாங்கியில் சாயம் உரிந்திருந்தது, எஞ்சின் சுத்தமாக இருந்தது. இறங்கி, கைப்பிடியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்கதான் மொதல்ல ஓட்டணும், டிரஸ்ஸர்."

"எதுக்குண்ணே நான்?"

"பாக்கியத்துக்காக எடுத்தீங்கல்ல. அதுக்குத்தான்."

நான் ஓட்டியிருந்தால் இந்தக் கதை உங்களுக்கு வந்திருக்காது. கைப்பிடியைத் தொட்டேன், உடனே விட்டேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் வாசலில் நின்றது, பாதை திறந்திருந்தது, மண்டோர் கூடவே வாருங்கள் என்றார், நான் உனக்கு முன்னால் இருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். வண்டியை எடுக்க ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன், போகிற வழியில் பாக்கியத்தின் நினைவே எனக்கு இல்லை. அழுதேன். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மருதப்பண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு நின்று கேட்டார்.

"தெரியும்" என்றார். "மூணாம் நாளு பால் தெளிக்கப் போனப்பவே மண்டோர் சொல்லிட்டான்."

எனக்கு விளங்கவில்லை. "தெரிஞ்சுமா வாரா வாரம் எங்கூட வந்தீங்க?"

"நீங்களா சொல்வீங்கன்னுதான் வந்தேன். இன்னிக்குச் சொல்வாரு, இன்னிக்குச் சொல்வாருன்னு. எத்தன வாட்டி கேட்டேன், எந்த எடம், எத்தன மணின்னு."

கைப்பிடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்த வண்டி அங்க நின்னா எனக்கும் கை அது மேலதான் போயிருக்கும், டிரஸ்ஸர். அது எனக்குத் தெரியாதா? அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு சாத்து சாத்தியிருப்பேன். அதோட போயிருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோட்டார் சைக்கிளை உதைத்து ஏறிக்கொண்டார். "இனிமே ஞாயித்துக்கெழம காத்துக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அவர் பெரிய துரையின் காரில் என்னைக் கடந்து போகும்போது தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன். அவர் மகளுக்கு அம்மைப்பால் வைத்தேன், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன். கூட்டிக்கொண்டு வருவது சித்திதான். முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னால் சொன்னதுதான்.

உங்களுக்கும் ஒரு நாள் தப்பு நடக்கும். நடக்காது என்று சொல்கிறவர் இந்த வேலைக்கு வராதீர்கள். நடந்த அன்று அந்த வீட்டுக்காரர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என்னா செய்வீங்க என்று சொல்வார். ஊரே உங்களுக்காக ஒரு நியாயம் தைத்து வைத்திருக்கும். அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த இடத்திலேயே நின்று, என்ன செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்களை அடிக்கலாம். அடிக்கட்டும். அடித்தவர் என்றைக்காவது திரும்பி வருவார்.